மாதம் தவறாத எழுத்து

(சங்கத்தின் வாசிப்பு அறையில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



இன்றைய கூட்டத்தின் கடைசித் தீர்மானம், இந்த அறையில் கிடக்கும் பழைய மாத நாவல்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்பது. மூன்று மூட்டை இருக்கிறது. இடம் இல்லை, கரையான் பயமும் இருக்கிறது. செயலாளர் சொல்வதில் தப்பில்லை. ஆனாலும் கை தூக்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டேன். காரணம், அந்த மூட்டைகளில் பாதிக்கு மேல் ஒரே ஆள் எழுதியது. நம் பக்கத்துக் கோயமுத்தூர்க்காரர், ராஜேஷ்குமார்.

இயற்பெயர் கே.ஆர். ராஜகோபால். 1947-ல் கோவையில் பிறந்தவர். அறுபதுகளின் கடைசியில் சிறுகதை எழுத ஆரம்பித்தார். 1980-ல் 'மாலைமதி'யில் முதல் நாவல் வந்தது. இன்றைக்கு அவர் கணக்கில் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் இருக்கின்றன.

வங்கியில் பேரேடு எழுதிய கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45 ஆண்டு என்றால் 540 மாதம். மாதத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று நாவல். அதாவது 11 நாளுக்கு ஒன்று. தீபாவளி, காய்ச்சல், கல்யாணம், கருமாதி எல்லாம் இந்த 11 நாளுக்குள் அடக்கம். ஜார்ஜ் சிமெனோன் என்று பெல்ஜியத்தில் பிறந்த எழுத்தாளர் ஒருவர் இருந்தார். ஒரே போலீஸ் அதிகாரியை வைத்து 1931 முதல் 1972 வரை 75 நாவல் எழுதினார். மற்ற நாவல்கள் தனி. வேகத்துக்கு அவரைத்தான் உலகம் உதாரணம் சொல்கிறது. நம் ஊர்க்காரரை அந்த வரிசையில் வைத்துப் பேச நமக்கு ஏனோ கூச்சம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பனியன் தொழிலில் இருப்பவர்கள். ஷிப்மென்ட் தேதி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாத நாவலும் அப்படித்தான். அடுத்த மாத நாவலின் பெயர் இந்த மாதப் புத்தகத்திலேயே விளம்பரமாக வந்துவிடும். தலைப்பு கொடுத்தாகிவிட்டது, அதற்குப் பொருத்தமான கதையைச் சொன்ன தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். நமக்காவது சரக்கு தாமதமானால் நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு விமானத்தில் அனுப்ப வழி உண்டு. எழுத்தாளருக்கு அதுவும் கிடையாது. பஸ் ஸ்டாண்டு கடையில் புத்தகம் தொங்கவில்லை என்றால், வாசகர் பக்கத்தில் தொங்குகிற வேறொன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

வேகமாக எழுதியது மட்டமாகத்தான் இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. எல்லாம் ஒரே தரம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வேலை செய்யும் முறையைப் பாருங்கள். சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டுவார். ஒன்று கோவையில் நடக்கும், இன்னொன்று வேறெங்கோ. கடைசிச் சில பக்கங்களில் இரண்டும் ஒன்று சேரும். பற்றும் வரவும் மாதிரி. சாயங்காலம் கணக்கு டேலி ஆகாவிட்டால் எங்கள் காலத்தில் வீட்டுக்குப் போக முடியாது. அவரும் டேலி ஆகாமல் கதையை முடிக்க முடியாது.

தொடர் பாத்திரத்திலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. விவேக்கும் ரூபலாவும் எல்லோருக்கும் தெரிந்த தம்பதி. வாசகருக்கு அவர்கள் பழகிய வீட்டு மனிதர்களாக இருக்க வேண்டும், வழக்கு மட்டும் புதிதாக இருக்க வேண்டும். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி எல்லாரும் இப்படி வளர்ந்தவர்கள்தான். கணேஷ் - வசந்தைப் படைத்த சுஜாதாவுக்கு பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் சம்பளம் இருந்தது. எழுத்தையே நம்பி, மாதா மாதம் அதிலேயே குடும்பம் நடத்துவது வேறு விஷயம்.

இதையெல்லாம் யார் படித்தார்கள்? நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், வாட்ச்மேன்கள், பஸ்ஸில் போய்வந்தவர்கள். நம் தெருவில் செக்கிங் வேலைக்குப் போன அக்கா ஒருவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். "அடுத்த பக்கத்துல என்னமோன்னு இருக்குமுங்க சார், அப்படியே எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கப் பழகிட்டனுங்க" என்றார். இன்று பேத்திக்குப் பாடம் சொல்லித் தருகிறார்.

2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் இந்த மாதிரிக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தது. ராஜேஷ்குமாரும் அதில் இருக்கிறார். ஆங்கிலத்தில் வந்த பிறகு அலமாரியில் வைக்கிறோம், தமிழில் வந்ததை எடைக்குப் போடுகிறோம். மட்டமான காகிதத்தில் அச்சானவை இவை. ஒரு மாதம் கடையில் தொங்கும், அப்புறம் கிடைக்காது. எத்தனையோ நாவல்கள் மறு அச்சு கண்டதே இல்லை. எடைக்குப் போட்டால் கிலோவுக்குச் சில ரூபாய் வரும். போனது திரும்பி வராது.

ஆகவே தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் கேட்கிறேன். கிழிந்து பக்கம் போனதைக் கழித்துவிடலாம். ஒரே நாவல் இரண்டு பிரதி இருந்தால் ஒன்றைப் படிக்க வெளியே கொடுக்கலாம். மிச்சத்துக்கு ஒரே ஒரு இரும்பு அலமாரி போதும். தலைப்பு, ஆசிரியர், மாதம், ஆண்டு போட்டு நானே ஒரு பதிவேடு எழுதித் தருகிறேன். அடுத்த காலாண்டுக்குள் முடித்துவிடுகிறேன். 11 நாளில் ஒரு நாவல் எழுதினவரின் புத்தகத்துக்கு, 90 நாளில் ஒரு பட்டியல்கூடப் போட முடியாதா என்ன?

இப்போது ஓட்டெடுப்பு வைக்கலாமுங்க.