நண்பர்களோடு ஓடுவோம், நண்பரைக் கவனித்து ஓடுவோம்

(சமூக மன்றத்தில் ஓட்டக் குழுவினருக்கு ஆற்றிய சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கோ மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துக்கோ போனால், ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஓடும் குழுக்களைப் பார்க்கலாம். தனியாக ஓடினால் மூன்றாவது கிலோமீட்டரில் சலிப்புத் தட்டும். நண்பர்களோடு ஓடினால் பத்தாவது கிலோமீட்டரும் பேச்சிலேயே கடந்துவிடும். அது நல்லதுதான். ஆனால், அதே நட்பு சிலரை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவிடாமலும் செய்கிறது. "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான், வாடா!" என்ற ஒரு சொல் போதும். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

உடல் ஏன் சூடாகிறது?

ஓடும்போது தசைகள் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடல் வியர்க்கிறது. வியர்வை சொட்டுவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது.

"நாங்கள் விடியற்காலையில்தான் ஓடுகிறோம், எங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. வெயில் இல்லாதது நன்மையே. ஆனால், அந்த நேரத்தில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். சட்டை நனைந்து சொட்டியும் உடல் குளிராமல் இருப்பது அதனால்தான். வேகம் கூடக்கூட உடலுக்குள் வெப்பமும் கூடும். ஆகவே, விடியற்காலையிலும் கடைசிக் கிலோமீட்டரில் போட்டி போட்டு ஓடுபவருக்கு ஆபத்து உண்டு.

புறப்படும் முன்

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஈஎன்வி செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பாருங்கள். வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் ஆகிய நான்கையும் கணக்கில் கொண்ட அளவு அது. 31 டிகிரிக்குக் கீழ் இருந்தால் குறைவு. 31 முதல் 33-க்குள் மிதம். 33-ம் அதற்கு மேலும் அதிகம். மிதம் என்றால் தூரத்தையும் வேகத்தையும் குறையுங்கள். அதிகம் என்றால் நீண்ட ஓட்டத்தை வேறு நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.

அடுத்து, குழுவில் ஒவ்வொருவரையும் விசாரியுங்கள். அண்மையில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்ததா? இரவு நன்றாகத் தூங்கினாரா? முதல் நாள் மது அருந்தினாரா? குளிர்நாட்டில் விடுமுறை கழித்துத் திரும்பியவரா? உடல் நம் வெப்பத்துக்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். காய்ச்சல் உள்ளவர் அன்று ஓடவே கூடாது. இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள்.

தண்ணீர் எவ்வளவு?

தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது நல்ல வழி. ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் வெளியேறியிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து, அதுவும் உயிருக்கு ஆபத்தாகலாம். இன்னொன்று: போதுமான தண்ணீர் குடித்தவருக்கும் வெப்பத்தாக்கு வரலாம். தண்ணீர்ப் புட்டி கையில் இருக்கிறது என்பதற்காக வேகத்தைக் கூட்டாதீர்கள்.

நண்பரின் கண்தான் முதல் மருந்து

வெப்பத்தாக்கு மூளையையும் பாதிக்கும். அதனால், பாதிக்கப்பட்டவருக்குத் தம் நிலை தெரியாமல் போகலாம். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவரே சொல்வார். பக்கத்தில் ஓடுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தவர் திடீரென மௌனமாகிறாரா? நேராக ஓடாமல் தள்ளாடுகிறாரா? காரணமின்றி எரிச்சல்படுகிறாரா? "எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறோம்?" என்று கேளுங்கள். பதில் குழம்பினால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

அவரை நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடனே 995-ஐ அழையுங்கள். ஒருவர் அழைக்கும்போதே மற்றவர்கள் குளிர்விக்கத் தொடங்குங்கள். அதிகப்படியான உடையைக் களைந்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் வையுங்கள். மருத்துவ வாகனம் வரும்வரை நிறுத்த வேண்டாம். உடல் சூடாகவே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உறுப்புகளைப் பாதிக்கிறது. சுயநினைவு இல்லாதவருக்கும் குழப்பத்தில் இருப்பவருக்கும் வாயில் எதையும் கொடுக்கக்கூடாது. சுயநினைவு இழந்தவர் மூச்சு விட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

குழுவுக்கு மூன்று விதிகள்

ஒன்று, குழுவில் மெதுவாக ஓடுபவரின் வேகமே எல்லாருடைய வேகம். பேசிக்கொண்டே ஓட முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள். இரண்டு, ஒருவர் நின்றால் இன்னொருவரும் அவரோடு நிற்க வேண்டும். யாரையும் தனியாக விட்டுச் செல்லக்கூடாது. மூன்று, "இன்று போதும்" என்று ஒருவர் சொன்னால் கேலி செய்யாதீர்கள். அவரைப் பார்த்து, சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கும் துணிச்சல் வரும்.

ஓட்டத்தை அடுத்த வாரமும் முடிக்கலாம். எல்லாரும் சேர்ந்து வீடு திரும்புவதுதான் முக்கியம்.