ஓய்வு நேர உடற்பயிற்சியும் வாழ்வின் தரமும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் அலுவல் காரணமாக நாம் சிங்கப்பூர் சென்று, பிடோக் வட்டாரத்தில் உறவினர் இல்லத்தில் ஐந்து நாள் தங்கியிருந்தோம். பால் வெட்டுக்குப் புறப்படும் வேளையிலேயே கண்விழித்துவிடும் பழக்கம் நமக்குச் சிறுவயது முதல் உண்டு. தோட்டத்தில் பிறந்தவர்களை அப்பழக்கம் எளிதில் விடுவதில்லை. ஆகவே முதல் நாளே இருள் பிரியுமுன் மாடியிலிருந்து இறங்கி, பிடோக் நீர்த்தேக்கம் வரை நடந்தோம்.

அந்நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் மணல் தோண்டிய பெருங்குழியாக இருந்தது. 1986-இல் அது நீர்த்தேக்கமாக உருவாகி முடிந்தது. இன்று அதனைச் சுற்றி 4.3 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை செல்கிறது. நாம் சென்ற வேளையில், மரத்தடியில் முதிய சீனப் பெண்கள் பத்துப் பன்னிருவர் கைகளை மெல்ல வீசிப் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். மலாய்த் தம்பதியர் சிலர் பேசிக்கொண்டே விரைந்து நடந்தனர். அவர்களிடையே காலணியும் காற்சட்டையும் அணிந்த தமிழ் மூதாட்டி ஒருவரையும் கண்டோம். அருகில் சென்று வணக்கம் கூறினோம். இளமையில் ஜொகூரில் பால்மரம் வெட்டியவராம். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே கூறுகிறோம்: “டாக்டர் நடக்கச் சொன்னாரு தம்பி, முதல்ல முட்டி வலிக்காக வந்தேன். இப்போ வலி குறைஞ்சிருச்சு. ஆனா இவங்கள ஒரு நாள் பார்க்கலேன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கு. அதுக்காக வர்றேன்.”

இன்று நாம் உங்களிடம் பேச வந்த பொருளின் பெரும்பகுதி அந்த அம்மையாரின் பேச்சில் அடங்கியுள்ளது. எனினும், உங்கள் உள்ளத்தில் எழக்கூடிய ஒரு வினாவுக்கு முதலில் விடை கூறியாக வேண்டும். “ஐயா, விடியுமுன் எழுந்து நிரை முழுவதும் மரத்துக்கு மரம் நடக்கிறோம், பால் வாளியைச் சுமக்கிறோம். இதற்கு மேலும் உடற்பயிற்சியா?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாற்காலியில் அமர்ந்து கோப்பு பார்க்கும் நம்மைப் போன்றவர்கள் வந்து, உழைக்கும் மக்களிடம் உடலை அசைக்கச் சொல்வது சற்று வேடிக்கையாகவே தோன்றும்.

1953-இல் ஜெரி மோரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய குழுவினரும், இலண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணிபுரிந்தோரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். நாள் முழுவதும் அமர்ந்து வண்டி ஓட்டியவர்களைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களிடம் இதயநோய் குறைவாக இருந்தது. அப்படியானால் வேலையே போதுமென்று எவரும் முடிவு கட்டுவர். ஆனால் அதே மோரிஸ், பிரிட்டிஷ் அரசு ஊழியர்களின் ஓய்வு நேரத்தை ஆராய்ந்து 1973-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஓய்வில் உடலை நன்கு இயக்கியவர்களிடம் இதயநோய் குறைந்திருப்பதைக் காட்டினார்.

வேலையும் பயிற்சியும் ஒன்றுதானா என்ற ஐயம் பிற்காலத்தில் எழுந்தது. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் 1,04,046 ஆண், பெண்களைச் சுமார் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து, 2021-இல் முடிவை வெளியிட்டனர். ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு இதயநோயும் மரணமும் குறைந்திருந்தன. வேலையில் கடுமையாக உடலை வருத்தியவர்களுக்கோ அவை கூடியிருந்தன! இம்முடிவை ஏற்காத அறிஞர்களும் உளர். கடும் உழைப்பாளர்களிடையே வறுமையும் புகைப்பழக்கமும் மிகுதி; பழியை உழைப்பின்மீது மட்டும் போடலாகாது என்பது அவர்கள் கூற்று. அதுவும் சிந்திக்கத்தக்கதே. ஆயினும் உழைப்பு ஒன்றே உடலைக் காத்துவிடும் என்று நம்பியிருக்க இயலாது.

காரணத்தை உங்கள் தொழிலைக் கொண்டே விளக்கலாம். வெட்டுப்பட்டை தாழ இருந்தால் முதுகு வளைகிறது. உயரத்தில் இருந்தால் கழுத்து அண்ணாந்தே நிற்கிறது. அதே கை அதே உளியை அதே திசையில் பல நூறு முறை இழுக்கிறது. நெஞ்சு விரிய மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமும் இல்லை, களைத்தபோது நிறுத்தும் உரிமையும் இல்லை. பால் உறையுமுன் சேர்த்தாக வேண்டும். நீண்ட நேரம் இழுபடும் தசைக்கும் ஏறிய நிலையிலேயே நிற்கும் இரத்த அழுத்தத்திற்கும் இளைப்பாற இடமில்லை. ஓய்வு நேரப் பயிற்சியோ இதற்கு மாறானது. சிறிது நேரம் இதயம் விரைந்து துடிக்கிறது, பின்னர் அடங்குகிறது. வேலையில் பயன்படாத தசைகளும் இயங்குகின்றன. வேண்டும்போது தொடங்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம்.

வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் இரு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியது. அத்தனை நிமிடம் இயலாதவர்கள் இயன்ற அளவு செய்தாலும் நன்மையே என்று அந்நிறுவனம் சேர்த்துக் கூறியிருப்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி, வாழ்வின் தரம் என்றால் என்ன? சம்பளமும் வீடும் மட்டுமல்ல. அதனை அளப்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த சுருக்கமான வினாத்தாள் ஒன்றில் 26 வினாக்கள் உள்ளன. உடல், உள்ளம், மக்களுறவு, சுற்றுப்புறம் என நான்கு பிரிவுகளில் அவற்றுள் பெரும்பாலானவை அமைகின்றன. நன்றாக உறங்குகிறீர்களா, அன்றாட அலுவலுக்கு வேண்டிய தெம்பு இருக்கிறதா, நண்பர்களின் துணை மனநிறைவு தருகிறதா என்றெல்லாம் கேட்கின்றனர். பொழுதுபோக்குக்கு வாய்ப்பு உண்டா என்பதும் அவற்றுள் ஒன்று. ஓய்வு நேரத்தில் உடலை இயக்குவோர், ஆணாயினும் பெண்ணாயினும், இத்தகைய வினாக்களுக்கு மேலான விடை தருவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. நலமாக இருப்பவர்தாம் பயிற்சிக்கே வருகின்றனர் என்பதும் ஓரளவு உண்மை. ஆயினும் பயிற்சியைத் தொடங்கியபின் உறக்கமும் மனச்சோர்வும் சீர்ப்படுவதைச் சோதனை முறையிலும் காட்டியிருக்கின்றனர்.

பெண்களைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, போதிய அளவு உடலை இயக்காதோர் உலகில் ஆடவருள் நூற்றுக்கு 29 பேர், பெண்டிருள் 34 பேர். இதனைப் பெண்களின் சோம்பல் என்று கூறுவோர் ஒரு நாள் அதிகாலை நான்கு மணிக்கு லயத்தின் அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கட்டும். சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மரம் வெட்டி, பால் கொட்டி, திரும்பி வந்து துணி துவைத்து, மீண்டும் சமைக்கிறார்கள். அவர்களுக்கு உழைப்பில் குறைவில்லை; ஓய்வே கிட்டுவதில்லை.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், மாலை விளையாட்டுப் பயிற்சிக்குப் பையன்கள் தவறாமல் வருவார்கள். பெண் பிள்ளைகளோ தம்பி, தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். நாம் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு போட்டதோடு சரி. அவர்களுடைய பெற்றோரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனை இன்று எண்ணினால் வெட்கமாகவே இருக்கிறது.

சிங்கப்பூரிலும் ஓய்வு தானாகக் கனிந்துவிடவில்லை. அயல்நாட்டு வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்னும் விதி அங்கு 2013-இல்தான் வந்தது. அதற்கு ஈடாகப் பணம் கொடுக்கவும் இடமிருந்தது. மாதத்தில் ஒரு நாளையேனும் பணமாக மாற்றாமல் ஓய்வாகவே தரவேண்டும் என்பது 2023-இல் வந்தது.

பிடோக் வட்டாரத்தில் நம்மைக் கவர்ந்தது அங்குள்ள ஏற்பாடுகள் வீட்டுக்கு அருகில் அமைந்திருப்பதே. அடுக்குமாடி வீடுகளின் அருகிலேயே சிறு பயிற்சிக் கருவிகள் உள்ளன. 2017-இல் திறக்கப்பட்ட ‘ஹார்ட்பீட் அட் பிடோக்’ என்னும் கட்டடத்தில் நூலகம், பலதுறை மருந்தகம், நீச்சல் குளம், விளையாட்டு மண்டபம், சமூக மன்றம் யாவும் ஒருங்கே அமைந்துள்ளன. மருந்து வாங்க வந்த பாட்டி, பேரன் நீந்துவதைப் பார்த்துவிட்டுப் போகிறார்! அந்நாட்டு அரசு இத்துறையில் நெடுங்காலமாகவே முனைந்துள்ளது. பிரதமராக இருந்த கோ சோக் தோங் 1993-இல் பாடாங் திடலில் பெருங்கூட்டத்தோடு உடற்பயிற்சி இயக்கத்தைத் தொடங்கினார். 2015-இல் தொடங்கிய இயக்கத்தில், நடக்கும் அடிகளை எண்ணும் கருவியை மக்களுக்கு இலவசமாக வழங்கி, அடிகளுக்கேற்பப் பரிசும் அளித்தனர்.

ஆனால் அந்நாட்டின் 2010-ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வில், நீரிழிவுடைய இந்தியர் நூற்றுக்கு 17.2 பேர், சீனரோ 9.7 பேரே. பாதையும் குளமும் அமைத்துவிட்டால் மட்டும் நோய் ஓடிவிடாது. நம்மவரிடையே அந்நோய்க்குப் பிறப்பிலேயே சற்று வாய்ப்பு மிகுதி. நம் சோறும் இனிப்புத் தேநீரும் அதற்குத் துணைபோகின்றன. எனவே நமக்கு நடை இன்னும் தேவையாகிறது.

நம் தோட்டத்தில் நீச்சல் குளம் இல்லை, திடல் இருக்கிறது. மாலையில் அதில் பந்தாடுவோர் இளைஞர்கள் மட்டுமே. திடலைச் சுற்றி அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் போதும். மரம் வெட்டுவோர் நடைக்கு முன் கைகளைப் பின்னே கோத்து நெஞ்சை விரிக்கட்டும். உளி பிடிக்காத கைக்கும் வேலை கொடுக்கட்டும். நாற்காலியில் அமர்ந்து எழுவதைப் பத்து முறை செய்தால் தொடை வலுக்கும். நடுவயதைக் கடந்த பெண்களுக்கு எலும்பு மெலியத் தொடங்குவதால் வலுவூட்டும் பயிற்சி மிகத் தேவை. நெஞ்சுவலி, மயக்கம், நீரிழிவு உடையோர் தோட்ட மருந்தகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடையைத் தனியாகத் தொடங்காதீர்கள்; பிடோக்கில் கண்ட மூதாட்டி ஒரு நாளும் தவறாததற்கு அவருடைய தோழியரே காரணம்.

வரும் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஆயாக் கொட்டகையின் அருகில் பெண்கள் கூடுவதென்று மாதர் குழுவினரிடம் பேசியிருக்கிறோம். அன்று மாலை அடுக்களையை யார் பார்ப்பது என்று சற்றுமுன் கேட்டோம். முன்வரிசையில் மூன்று ஆடவர் கையுயர்த்தினர். அவர்களுள் ஒருவருக்குச் சோறு வடிக்கத் தெரியாதாம். அவருடைய மகன் சொல்லிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். மற்றவர்களின் பெயர்களைக் கூட்டம் முடிந்ததும் எழுதிக்கொள்கிறோம்.