குதிரையும் காமிராவும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "தொழிலைப் பத்திப் பேச நிறையப் பேர் இருக்காங்கப்பா. நீ குதிரைப் போட்டியில போட்டோ எடுக்கிறியாமே, அதைப் பேசு" என்றார். நான் 2010-ல் மெக்கானிக்கல் முடித்தவன். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களின் அதிர்வை அளக்கிற வேலை. எந்த பேரிங் எப்போது தேயும் என்று வாரம் ஐந்து நாள் பார்க்கிறவன் சனி, ஞாயிறுகளில் குதிரைக்குப் பின்னால் ஏன் அலைகிறான் என்று என் மனைவிக்கே இன்னும் விளங்கவில்லை. உங்களுக்காவது விளங்குகிறதா பார்ப்போம்.

ஆரம்பம் சாதாரணமானது. 2015-ல் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர், தன் மகள் குதிரையேற்றம் கற்கிறாள், பள்ளியில் சின்னதாக ஒரு போட்டி வைக்கிறார்கள், வந்து நாலு படம் எடுத்துக் கொடு என்றார். பெங்களூருக்கு வடக்கே ஊர் முடிகிற இடத்தில் அந்தப் பள்ளி. மணல் பரப்பிய மைதானம், அதில் வர்ணம் பூசிய கம்பங்களை வைத்துப் பத்துப் பன்னிரண்டு தடைகள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, மணி அடித்ததும் வரிசைப்படி தாண்ட வேண்டும். கம்பம் விழுந்தால் 4 பிழைப்புள்ளி, குதிரை தாண்ட மறுத்து நின்றால் 4, ஆள் விழுந்தால் போட்டியை விட்டே வெளியே. ஷோ ஜம்பிங் என்பது இதுதான்.

அன்று அறுநூறு படம் எடுத்தேன். ஷட்டரை முழு வேகத்தில் வைத்து விரலை எடுக்காமல் அழுத்தினேன். குளம்பிலிருந்து தெறிக்கிற மணல் துகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை. அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் பக்கத்தில் நின்றார். சைஸ் என்று சொல்வார்கள். குதிரையைக் குளிப்பாட்டித் தீனி போட்டுச் சேணம் கட்டுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. கிண்டியில் பல வருஷம் பந்தயக் குதிரைகளோடு இருந்துவிட்டு பெங்களூர் வந்தவர். அவரிடம் காமிராவைக் காட்டினேன். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார்.

"பாப்பா நல்லா இருக்கு தம்பி. குதிரை எங்கே?"

"இதோ இருக்கே ஐயா."

"இது நாலு காலு. குதிரைன்னா காதைப் பாருங்க."

அறுநூறில் மூன்றைத்தான் தேறும் என்றார். அந்த மூன்றிலும் குதிரையின் இரண்டு காதும் முன்னோக்கி நிமிர்ந்து, அடுத்த தடையைப் பார்த்தபடி இருந்தன. மற்றவற்றில் காது பின்னால் மடிந்திருந்தது, அல்லது கடிவாளம் இழுபட்டு வாய் பிளந்திருந்தது, அல்லது கண்ணில் வெள்ளை தெரிந்தது. எங்கள் ஊர் அய்யனார் கோயிலில் நிற்கிற மண்குதிரைக்குக் காது எப்படி விறைத்து நிற்கும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் வேளாருக்குத் தெரிந்தது, பி.இ. படித்த எனக்குத் தெரியவில்லை.

கால் விஷயமும் லேசானதல்ல. பல நூறு வருஷமாக ஓவியர்கள் ஓடும் குதிரையை, முன்னங்கால் இரண்டும் முன்னே நீட்டி, பின்னங்கால் இரண்டும் பின்னே நீட்டி, அந்தரத்தில் பறக்கிற மாதிரி வரைந்தார்கள். ஜெரிகோ 1821-ல் வரைந்த எப்சம் டெர்பி ஓவியமும் அப்படித்தான். 1878-ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்பவர் ஓடுபாதை ஓரமாகக் காமிராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல் கட்டி, குதிரை நூலை அறுக்க அறுக்க ஒவ்வொரு காமிராவும் தானே இயங்கும்படி செய்தார். குதிரை அந்தரத்தில் இருப்பது உண்மைதான் என்று தெரிந்தது. ஆனால் கால்கள் நீட்டியிருக்கும்போது அல்ல. நாலும் வயிற்றுக்கு அடியில் சுருண்டிருக்கும்போது! செலவு செய்தவர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு என்கிற ரயில்வே முதலாளி. அந்தப் பண்ணை நிலத்தில்தான் இன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நிற்கிறது. ஒரு கல்லூரி விழாவில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

நம் ஆட்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஷோ ஜம்பிங்கில் நிமிஷத்துக்கு 350 மீட்டர் என்பது வழக்கமான வேகம். விநாடிக்கு 5.8 மீட்டர். ஷட்டர் 1/1000 விநாடி என்றால் அதற்குள் உடல் நகர்வது 6 மில்லிமீட்டருக்குக் கீழே. வீசி வருகிற குளம்பு அதைப்போல இரண்டு மடங்கு போகும். ஆகவே 1/1000-க்குக் குறையாமல் வைத்தால் படம் கலங்காது. இதுவரை சரி. ஆனால் விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கிற காமிராவை அழுத்திப் பிடித்திருந்தாலும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே குதிரை 58 சென்டிமீட்டர் போய்விடுகிறது. நமக்கு வேண்டிய கணம் அந்த இடைவெளியில் விழுந்துவிடும். என் அறுநூறு படத்தின் கதை அதுதான்.

பிறகு என்ன வழி? தாளம்தான். குதிரை தடையை நோக்கி வருகிற நடைக்குக் கேண்டர் என்று பெயர். மூன்று தட்டு, ஒரு இடைவெளி. முதலில் ஒரு பின்னங்கால். பிறகு மற்ற பின்னங்காலும் அதற்குக் குறுக்கான முன்னங்காலும் சேர்ந்து. கடைசியில் இன்னொரு முன்னங்கால். அப்புறம் ஒரு நொடிக்குள் நாலும் அந்தரத்தில். ஒரு எட்டு ஏறக்குறைய 3.6 மீட்டர், 0.6 விநாடி. தடைகளுக்கு இடையிலான தூரத்தையே இந்த எட்டுக் கணக்கில்தான் அமைக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் மைதான ஓரத்தில் உட்காருங்கள், மிருதங்கம் மாதிரி காதில் ஏறிவிடும். தாளம் ஏறிவிட்டால் எந்த எட்டில் குதிரை எழும்பப் போகிறது என்று உடம்புக்கே தெரியும். பின்னங்கால் மண்ணை விட்டு, முன்னங்கால் முழங்காலோடு மடிந்து மேலே வருகிற அந்த ஒரு கணத்தில் ஒரே ஒரு முறை அழுத்தினால் போதும். இறங்கும்போது எடுக்காதீர்கள். முழு எடையும் முன்னங்காலில் வந்து, குளம்புக்கு மேலே இருக்கிற மூட்டு தரையைத் தொடுகிற மாதிரி வளையும். சவாரி செய்கிறவர் முகமும் அழகாக இருக்காது. அந்தப் படத்தை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷம் போனது. நாலு பேர் பாராட்ட ஆரம்பித்தார்கள். தலையில் கொஞ்சம் கனம் ஏறியது.

2018 டிசம்பரில் ஒரு போட்டி. மைதானத்துக்குள் நின்று எடுக்க எனக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். ஒரே நிபந்தனை: மணி அடித்த பிறகு இருக்கிற இடத்தை விட்டு அசையக் கூடாது. நண்பரின் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. செவலைக் குதிரை. தாழ்வான கோணம் வேண்டும் என்று ஐந்தாவது தடையின் இடப்பக்கம், பூந்தொட்டிகளுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தேன். நாலு தடை சுத்தமாகத் தாண்டி வந்தாள். ஐந்தாவதற்கு மூன்று எட்டு இருக்கும்போது எனக்கு ஒரு ஆசை: கொஞ்சம் எழுந்து முழங்காலில் நின்றால் பின்னணியில் மரங்கள் வரும். எழுந்தேன்.

குதிரை நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. தடையின் மேல் விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே குழி பறித்தது குதிரை இல்லை.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நேரம் முழுக்க என் விரல் ஷட்டரை விடவே இல்லை. காமிராவில் பதினொரு படம். அன்று இரவு கணினியில் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்று படத்தில் இரண்டு காதும் தடையை நோக்கி இருக்கின்றன. நாலாவதில் இடது காது என் பக்கம் திரும்புகிறது. ஐந்தாவதில் தலையே என் பக்கம், கண்ணில் வெள்ளை. ஆறாவதில் நின்றுவிட்டது. தொழிற்சாலையில் உடைந்த பேரிங்கை வைத்துக் காரணம் தேடுகிறவனுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பயிற்சியாளர் அவளைத்தான் குறை சொன்னார்: கீழே குனிந்து பார்த்தாய், லகானை இழுத்தாய் என்று. குதிரையையும் விடவில்லை. நம்ப முடியாத குதிரை, திடீரென்று நிற்கிறது, பிள்ளைகளுக்கு ஆகாது, விற்றுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: படங்களை அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மூன்றாம் நாள் அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். கையைத் தொட்டில் போட்டுக் கட்டியிருந்த அந்தப் பெண் பதினொன்றையும் வரிசையாக மேசையில் பரப்பிப் பார்த்தாள். "அப்போ என் மேல தப்பு இல்லையா அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள். நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என்னோடு பழையபடி பேச ஏழெட்டு மாசம் ஆனது. பயிற்சியாளரிடமும் காட்டினேன். அனுமதிச் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்; நியாயம்தான். குதிரையை விற்கிற பேச்சு நின்றது. பெரியவர் மட்டும், "எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. நீங்களா வந்து சொல்றீங்களான்னு பார்த்தேன்" என்றார்.

அதன் பிறகுதான் குதிரையின் கண்ணைப் பற்றிப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அது கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்கிறது. நேர் பின்னாலும், நெற்றிக்கு முன்னே மிக அருகிலும்தான் தெரியாது. புல்வெளியில் பதுங்கி வருகிற மிருகத்திடமிருந்து தப்பிப் பிழைத்த இனம். பக்கவாட்டில் அசைவு என்றால் உடனே கவனம் அங்கே போகும். பூந்தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்து எழுகிற ஆள் அதற்குப் போட்டோகிராபர் இல்லை, சிறுத்தை. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ல், ஒரு தடையருகே அலங்காரத்துக்காக ஆள் உயரத்தில் குனிந்து நிற்கிற சுமோ மல்லன் பொம்மையை வைத்தார்கள். அதைப் பார்த்துக் குதிரைகள் மிரள்வதாக வீரர்கள் சிலர் குறைபட்டார்கள். செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறமும் அப்படித்தான். சிவப்பு, பச்சை வித்தியாசம் அதற்குச் சரியாகத் தெரியாது. பிரிட்டனில் தடை தாண்டும் பந்தயங்களில் ஆரஞ்சு வண்ணக் கட்டைகள் குதிரைக்கு எடுப்பாகத் தெரிவதில்லை என்று எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு காட்டிய பிறகு, 2022 முதல் வெள்ளைக்கு மாற்றத் தொடங்கினார்கள்.

அதே டோக்கியோவில் இன்னொன்றும் நடந்தது. மாடர்ன் பென்டாத்லான் என்ற ஐந்து விளையாட்டுப் போட்டியில் முன்பின் பழகாத குதிரையைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள். பழகிக்கொள்ள 20 நிமிஷம். செயின்ட் பாய் என்ற குதிரை தாண்ட மறுத்தது. மேலே இருந்த ஜெர்மன் வீராங்கனை முதலிடத்தில் இருந்தவர். சேணத்தில் உட்கார்ந்தபடியே அழுதார். பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தினார், அதற்காக நீக்கப்பட்டார். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. கண்டனம் வலுத்தது. பாரிஸ் 2024-க்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றத்தையே எடுத்துவிட்டார்கள். அழுகிற முகத்தை எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் படங்களில் குதிரையின் காதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இப்போது நான் மைதானத்துக்கு வெளியே, வேலிக்கு இந்தப் பக்கம், ஒரே இடத்தில் நிற்கிறேன். நீள லென்ஸ். பிளாஷ் கிடையவே கிடையாது. ஷட்டர் சத்தமில்லாத காமிரா வாங்கியிருக்கிறேன். தவணை இன்னும் முடியவில்லை. மணி அடித்தால் கொசு கடித்தாலும் அசைவதில்லை. யாராவது விழுந்தால் அந்தப் படங்களை விழுந்தவர் கையில் மட்டும் கொடுப்பேன், விலை கிடையாது. வைத்துக்கொள்வதும் அழிப்பதும் அவர்கள் இஷ்டம். தம்பிகள் யாராவது முயற்சி செய்வதாக இருந்தால், விலை உயர்ந்த லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரு மாசம் லாயத்துக்குப் போய்ச் சும்மா நின்று பாருங்கள். சாணி நாற்றம் பழகிவிடும்.

2019 நவம்பரில் அந்தப் பெண் அதே செவலைக் குதிரையில் மறுபடி போட்டிக்கு வந்தாள். வேலிக்கு வெளியே நின்றேன். ஐந்தாவது தடைக்கு வரும்போது எனக்குத்தான் மூச்சு நின்றது. குதிரை காதை முன்னே வைத்துக்கொண்டு தாண்டிப் போனது. அன்று அந்தத் தடையில் எடுத்தது ஒரே ஒரு படம். அவள் வீட்டுக் கூடத்தில் அது இருக்கிறது. பெரியவருக்கும் ஒரு பிரதி கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாப்பாவை வெட்டிட்டுத் தலையை மட்டும் பெருசாப் போட்டுத் தர முடியுமா தம்பி?" என்றார். போட்டுக் கொடுத்தேன்.