இரண்டு சிறிய வன்தட்டுகள்: ஒன்று போனால் மற்றொன்று

பழைய கணினியைக் கழித்துக்கட்டும்போது பலர் அதிலிருக்கும் வன்தட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, மட்டும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். எறிய மனம் வருவதில்லை. இப்படி ஒரு வீட்டில் 250 கிகாபைட், 320 கிகாபைட் என இரண்டு சிறிய வன்தட்டுகள் சேர்ந்துவிட்டால், அவற்றை இணைத்துப் பயன்படுத்த முடியுமா? முடியும். அந்த ஏற்பாட்டின் பெயர் ரெய்டு. பெயரைக் கேட்டதும் போலிஸ் சோதனையோ என்று நேயர்கள் யாரும் பதற வேண்டியதில்லை.

1988ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பெயர் இடம்பெற்றது. விலையுயர்ந்த பெரிய வன்தட்டு ஒன்றுக்குப் பதிலாக, மேசைக் கணினிகளுக்கான மலிவான 100 மெகாபைட் வன்தட்டுகளைப் பலவாகச் சேர்த்தால் என்ன என்பதே அவர்களின் கேள்வி. வேகம் கூடும், செலவும் குறையும். ஆனால் ஒரு வன்தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், 100 வன்தட்டுகள் கொண்ட கூட்டத்தில் 300 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று பழுதாகும். இரண்டு வாரம்கூடத் தாங்காது! ஆகவே ஒன்று கெட்டாலும் தகவல் அழியாதபடி உபரியாக ஏதேனும் சேர்த்துவைக்க வேண்டும் என்றார்கள். அந்த உபரிதான் ரெய்டின் உயிர்.

வீட்டில் இருப்பதோ இரண்டே வன்தட்டுகள். எனவே வழியும் இரண்டுதான்.

முதலாவது, ரெய்டு பூஜ்யம். ஒவ்வொரு கோப்பும் துண்டு துண்டாக இரண்டிலும் மாறிமாறி எழுதப்படும். பெரும்பாலும் சிறியதன் அளவே கணக்கில் கொள்ளப்படுவதால் 500 கிகாபைட் கிடைக்கும். வேகமும் கூடும். ஆனால் இதில் உபரி எதுவும் இல்லை. ஒரு வன்தட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு 100க்கு 5 என்று வைத்துக்கொண்டால், இந்த ஏற்பாட்டில் எல்லாவற்றையும் இழக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 100க்கு 10. பிள்ளைகளின் படங்களை இதில் வைப்பது விவேகமல்ல.

இரண்டாவது, ரெய்டு ஒன்று. ஒரே தகவல் இரண்டிலும் அப்படியே எழுதப்படும், கண்ணாடிப் பிம்பம் போல. கிடைக்கும் இடம் 250 கிகாபைட் மட்டுமே. பெரிய வன்தட்டில் 70 கிகாபைட் சும்மா கிடக்கும். கஞ்சத்தனம் பார்ப்பவர்களுக்கு இது வயிற்றெரிச்சல்தான். ஆனால் ஒன்று செத்தாலும் கணினி நிற்காமல் ஓடும்.

அமைக்கும் முன் இரண்டிலும் உள்ளவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட வேண்டும். அமைக்கும்போது இரண்டும் பொதுவாகத் துடைக்கப்பட்டுவிடும். விண்டோஸ் 10, 11 கணினிகளில் ‘ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்’, மேக் கணினிகளில் ‘டிஸ்க் யுட்டிலிட்டி’, லினக்ஸில் ‘எம்டிஏடிஎம்’ (mdadm) ஆகியவை இந்த வேலையைச் செய்யும். தாய்ப்பலகையிலேயே ரெய்டு வசதி இருந்தாலும் அதை நாடாமல் இருப்பது நல்லது. தாய்ப்பலகை கெட்டால் அதே வகையைத் தேடி அலைய நேரிடலாம்.

பலர் தவறவிடுவது இதற்குப் பிறகுதான். கண்ணாடிப் பிம்பத்தில் ஒரு வன்தட்டு செத்தால் கணினி வழக்கம்போலவே இயங்கும். கோப்புகள் திறக்கும், படங்கள் தெரியும். எச்சரிக்கை வந்தாலும் திரையின் ஒரு மூலையில் வந்து போய்விடும். பல மாதம் கழித்து இரண்டாவதும் நிற்கும்போதுதான் விஷயமே தெரியவரும். ஆகவே தொடக்கத்திலேயே ஒத்திகை பார்த்துவிட வேண்டும். கணினியை அணைத்து, ஒரு வன்தட்டின் இணைப்பைக் கழற்றி, மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். கோப்புகள் திறக்கின்றனவா, எச்சரிக்கை எங்கே தெரிகிறது என்று கவனித்துவிட்டு மறுபடி இணைக்கலாம். மீண்டும் சேர்க்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டியிருக்கலாம். முழுவதையும் பிரதி எடுப்பதாக இருந்தால், விநாடிக்கு 70 மெகாபைட் வேகத்தில் 250 கிகாபைட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு உழைத்த இரண்டு வன்தட்டுகள் அடுத்தடுத்துப் பழுதாகக்கூடும். அந்த வகையில் வெவ்வேறு வயதுடைய பழைய வன்தட்டுகள் பரவாயில்லை.

இத்தனையும் செய்த பின்னர் தகவல் பத்திரமாக இருக்கிறதா என்றால், பாதிதான். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். நச்சுநிரல் வந்தால் இரண்டையும் தாக்கும். சிங்கப்பூர், மலேசியாவில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்தால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் சேர்ந்தே கருகலாம்.

ஒரு மணி நேரம் கணினி நின்றாலும் வியாபாரம் கெடும் என்ற நிலையிலுள்ள கடைக்கு இந்த ஏற்பாடு பொருந்தும், தனியாக ஒரு பிரதியும் எடுத்துவைத்தால். குடும்பப் படங்களும் ஆவணங்களும் மட்டுமே உள்ள வீட்டுக்கு ரெய்டு வேண்டியதில்லை. 250 கிகாபைட் வன்தட்டைக் கணினியில் பூட்டிவிட்டு, மற்றதை வெளிப்பெட்டி ஒன்றில் போட்டு மாதம் ஒருமுறை பிரதி எடுக்கலாம். மற்ற நாள்களில் அது தங்கை வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.