‘அவர்’ என்றால் யார்?

தமிழ் இலக்கணத்தில் ‘அவர்’ என்பது பலர்பாற் சொல். ஒருவரைக் குறிக்க வரும்போது அதுவே மரியாதைச் சொல்லாகிறது. சுட்டப்படுபவர் ஆணா, பெண்ணா என்று அது கேட்பதில்லை. ஆசிரியர், மருத்துவர், தலைவர், உறுப்பினர் என்பனவும் அத்தகையனவே. ஆகவே, ஆண்பாற் சொல்லுக்குள் பெண்ணை அடைத்துவைக்கும் குறை நம் மொழிக்கு இல்லை என்று கற்றோர் பெருமை கொள்வதுண்டு. ஏட்டளவில் அப்பெருமை பொருந்தும். வன்னி நிலத்துக் கிராமம் ஒன்றின் படலையடியில் நின்று கேட்டாலோ செய்தி வேறாகிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகளில் மதிப்புக்குரிய ஆணை ‘அவர் வந்திட்டார்’ என்பர். மதிப்புக்குரிய பெண்ணை ‘அவ வந்திட்டா’ என்பர். பெண்ணுக்கெனத் தனியே ஒரு மரியாதைச் சொல் வைத்திருப்பது ஈழத்துப் பேச்சின் அழகு. ஆனால் அதன் விளைவு ஒன்றுண்டு. பெண்ணுக்கு ‘அவ’ அமைந்துவிட்டபடியால், பேச்சிலே ‘அவர்’ ஆணுக்கே உரியதாகிவிட்டது. போதாக்குறைக்கு, கணவன் பெயரைச் சொல்லாத இல்லாள் வாயில் ‘அவர்’ என்பது உலகத்திலே ஒரே ஓர் ஆளைத்தான் குறிக்கும்!

இனி, பிரதேச செயலகத்துப் படிவம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ‘குடும்பத் தலைவர்’ என்று அதில் ஒரு கூடு இருக்கிறது. எழுதுவினைஞர் வினவுகிறார்: “குடும்பத் தலைவர் ஆர்?” எதிரே நிற்கும் பெண் சொல்கிறாள்: “அவர் இல்லை.” 2009 ஆம் ஆண்டு போர் முடிந்த பின் வன்னியில் இந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனையோ பொருள்கள் அடங்கின. இறந்தவர், தடுப்பில் இருந்தவர், என்ன ஆனாரென்றே தெரியாதவர் எல்லாரும் ‘இல்லை’தான். விதவை என்று எழுதப் பல பெண்கள் உடன்படவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர்ந்து அமர்ந்து தம் உறவுகளைத் தேடத் தொடங்கிய தாய்மாரும் மனைவிமாரும், மரணம் என்ற சொல்லை எளிதில் ஏற்பவர்கள் அல்லர்.

உழுவதும் விதைப்பதும் கடன் இறுப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அப்பெண்ணே. ‘தலைவர்’ என்னும் சொல் இலக்கணப்படி அவளுக்கும் உரியது. அவள் செவிக்கோ அது இல்லாத ஒருவரின் பெயர். சரி, ‘குடும்பத் தலைவி’ என்று எழுதலாமே எனின், அச்சொல் எப்போதோ அடுக்களைக்குப் போய்விட்டது. தொழில் என்ற கூட்டில் ‘வீட்டுப்பணி’ என்று எழுதப்படுபவளையே அது நினைப்பூட்டுகிறது. விகுதி ஒன்றாயினும் தலைவனுக்கு நிகரான தலைவியை அது காட்டவில்லை. இதனாலேதான் ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்னும் நீண்ட, சற்றுக் கரடுமுரடான தொடர் அலுவலகங்களில் வழக்குக்கு வந்தது. கேட்க இனிமையில்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இதிலே காணி தங்கியிருக்கிறது. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் மக்கள் பெற்ற நிலங்களிற் பெரும்பகுதி, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உத்தரவுப்பத்திரம் வழங்கப்பட்ட அரச காணி. காணி பெற்றவர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்து, வாழ்க்கைத் துணையும் இல்லாதவிடத்து, அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை உரிமையாளரைத் தீர்மானித்தது. அதில் மகன்மார் முதலில், மகள்மார் அடுத்து. பேரன்மார் முதலில், பேத்திமார் அடுத்து. தந்தைக்குப் பின் தாய். சகோதரனுக்குப் பின் சகோதரி. காணியோ ஒருவருக்கே சேரும். ஒரே படியில் பலர் இருப்பின் மூத்தவருக்கே முதன்மை. மூத்த பெண் தாயோடு நின்று காடு வெட்டியிருக்கலாம். காணி இளைய தம்பிக்கே. ஆண்பாற் சொல் பெண்பாலையும் உள்ளடக்கும் என்று 1901 ஆம் ஆண்டின் பொருள்கோடற் கட்டளைச் சட்டம் பொதுவாகக் கூறியதுதான். ஆனால் மகனும் மகளும் அட்டவணையிலே அடுத்தடுத்த படியில் நிற்கும்போது அந்த விதி யாருக்கு உதவும்?

யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியோருக்கு இது புதுமையாகவே இருந்திருக்கும். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில், தாயின் சீதனம் மகளுக்குச் செல்லும் மரபு பதிவாகியிருக்கிறது. வீடும் வளவும் பெண்ணோடு போகும் வழக்கில் வளர்ந்தவர்கள், அரச காணியில் கால் வைத்ததும் மகனுக்குப் பின்னே மகளை நிறுத்தும் ஏட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். தேசவழமையும் குறையற்றதன்று, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவன் சம்மதம் வேண்டும் என்பதை யாரும் மறப்பதற்கில்லை.

2022 இல் பாராளுமன்றம் அந்தக் கட்டளைச் சட்டத்தைத் திருத்தியது. ஆண் முன், பெண் பின் என்னும் வரிசை நீங்கியது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் எனப் பால் வேறுபாடற்ற முறை வந்தது. எண்பத்தேழு ஆண்டுகள் கழித்து வந்த மாற்றம்.

அதே ஆண்டில் உலகின் மறுகோடியிலும் சொல்லைப் பற்றியே ஒரு வழக்கு நடந்தது. ஸ்பானிய மொழியில் பெயர்ச்சொற்கள் ஆண், பெண் என இருவகை. நூறு மாணவியரிடையே ஒரு மாணவன் இருப்பினும் ‘எல்லாரும்’ என்பதற்கு ‘தோதோஸ்’ என்னும் ஆண்பாற் சொல்லே வர வேண்டும். அர்ஜென்டீனாவின் இளையோர் இதை மறுத்து, ‘தோதெஸ்’ என ஓர் எழுத்தை மாற்றிப் பேசத் தலைப்பட்டனர். ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதாருக்கும் அதில் இடமுண்டு. ஸ்பானிய மொழிப் பேரவை அதனை ஏற்கவில்லை. 2022 ஜூனில் புவெனஸ் ஐரிஸ் நகர அரசு, பள்ளி ஆசிரியர் அதைக் கையாளலாகாது என்று தடுத்தது.

அவர்கள் இல்லாத விகுதியை ஆக்கப் போராடுகிறார்கள். தமிழில் விகுதி இருக்கிறது. அதனைக் கேட்கும் செவிதான் பழக வேண்டும். வன்னிப் பேச்சே அதற்கு வழிகாட்டுகிறது. கிராம அலுவலராய் ஒரு பெண் வந்தால், பழைய பெயரை விடாத முதியோர் அவரையும் ‘விதானையார்’ என்றே அழைப்பர். ‘பிள்ளை’ என்னும் சொல்லை நோக்குங்கள். தமிழகத்திலே குலப்பட்டமாக ஆடவர் பெயரின் பின்னே ஒட்டி நிற்கும் அதே சொல், கிளிநொச்சியில் தாய் தன் மகளை வாஞ்சையோடு கூப்பிடும் சொல். “பிள்ளை, இஞ்ச வா” என்றால் ஓடி வருபவள் பெரும்பாலும் பெண்ணே.

படிவக் கூட்டின் முன்னே தயங்கி நிற்கும் அந்தப் பெண்ணிடம், “தலைவர் ஆர்?” என்பதற்குப் பதிலாக, “வீட்டுப் பொறுப்பை ஆர் பாக்கிறது, அம்மா?” என்று எழுதுவினைஞர் கேட்கலாம். “நான்தான்” என்பாள்.