மாமா எண்ணிய எட்டுகள்

(நம் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலோரப் பாதுகாப்புக் கட்டுமானங்கள் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். படங்கள், கணக்குகள் எல்லாம் தயார் செய்துவிட்டேன். ஆனால் சென்ற ஐப்பசியில் என் மாமா காலமானார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சைப் பேச மனம் வரவில்லை. அந்தப் பாடத்தில் எனக்கு முதல் வாத்தியார் அவர்தான். ஆகவே அவரைப் பற்றியே பேசுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாமா என் அம்மாவின் தம்பி. தபால் ஆபீசில் குமாஸ்தா. பரம்பரையில் யாரும் கடலுக்குப் போனதில்லை. அவருக்கு நீச்சலே தெரியாது. ஆனாலும் கடல் மேல் அப்படி ஒரு பிரியம்! புதுச்சேரி நகருக்கு வடக்கே, கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் விடிகாலையில் கரைக்குப் போவார். அங்கிருந்த ஒரு தென்னையடியிலிருந்து அலை நனைக்கும் இடம் வரை எத்தனை எட்டு என்று நடந்து எண்ணுவார். வீட்டுக்கு வந்ததும் தேதி போட்டு நோட்டில் எழுதுவார். பக்கத்திலேயே தெற்குக் காற்றா, வாடையா என்று ஒரு குறிப்பு. பிறகுதான் காப்பி.

அத்தைக்கு இது பெரிய குறை. "எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா, உப்புத் தண்ணிக்காரி" என்பார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மாமா நடையை முடித்து வீடு திரும்பிய பிறகுதான் சுனாமி வந்தது. அதன்பின் ஒரு மாதம் அத்தை அவரைக் கரைப் பக்கமே விடவில்லை. "கல்யாணமாகி அந்த ஒரு மாசந்தான் அவர் முழுசா எங்கிட்ட இருந்தார்" என்று இன்றும் சொல்வார்.

நான் இங்கே சிவில் படித்தபோது, 2008-ல், எங்கள் துறைக் கண்காட்சிக்கு மாமா வந்திருந்தார். ஹைட்ராலிக்ஸ் லேபில் கண்ணாடி வாய்க்காலில் தண்ணீர் விட்டுக் காட்டினோம். மாமா குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணி சரி மாப்ளே, மணல் எங்கே?" என்றார். பசங்க சிரித்துவிட்டார்கள். எனக்கு ஒரே வெட்கம். பக்கத்தில் நின்ற பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "அதுதான்யா கேள்வி" என்றார்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் இதுதான். நம் கிழக்குக் கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. தெற்குக் காற்றுக் காலத்தில் அலைகள் சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்தால் வடக்கே போனதுதான் அதிகம். குறுக்கே ஒரு தடுப்பைக் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஏறியதும் இதனால்தான். 1980களின் இறுதியில் புதுச்சேரியில் அலைத்தடுப்புச் சுவர்கள் வந்த பிறகும் இதே கதைதான். நகரக் கடற்கரையில் மணல் போய்க் கல்தான் மிஞ்சியது. அரிப்பு வடக்கே குப்பங்களுக்கு நகர்ந்தது.

இப்போது நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களில், ஓர் ஊரின் கரையைக் காக்கக் கருங்கல் சுவர் ஒன்றை வடிவமைத்தேன். நானே முதன்முதலாகத் தனியாகப் போட்ட வரைபடம். பெருமையாக மாமாவிடம் விரித்துக் காட்டினேன். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. தாளின் வடக்கு ஓரத்தில் விரலை வைத்தார். "தாள் இங்கே முடியுது. கடல் முடியலையே மாப்ளே?" என்றார்.

எனக்குப் புரிந்தது. ஆனால் மேலே போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. எங்களுக்குக் கொடுத்த எல்லை அதுதானே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். சுவர் நன்றாகவே நின்றது. இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தேன். சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே, தாளில் இல்லாத அந்த இடத்தில், தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஒரு வீட்டின் பின்சுவர் அந்தரத்தில் நின்றது. திரும்பி வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நேர்ல போய்ப் பாத்தியே, அது போதும். அடுத்த தடவை பெரிய தாளா எடு" என்றார்.

கருமாதி முடிந்த அன்று அத்தை அந்த நோட்டுகளை என் கையில் கொடுத்தார். 1985-ல் தொடங்குகின்றன. வருஷம் போகப் போக எண்கள் குறைகின்றன. ஒரு பக்கத்தில் "தென்னை விழுந்தது. இனி கோயில் சுவரிலிருந்து" என்று இருக்கிறது. பிறகு அங்கேயும் கல் கொட்டிவிட்டார்கள். எண்ண மணல் இல்லை. ஆனாலும் மாமா போவதை நிறுத்தவில்லை. நாள்தோறும் தேதி, காற்று, பக்கத்தில் ஒரே சொல்: "கல்". பக்கம் பக்கமாக அதே சொல்.

2018-ல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு போட்டார்கள். அதன்பின் நகரக் கடற்கரையில் மறுபடி மணல் சேர்ந்தது. வடக்கே குப்பங்களின் கஷ்டம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் மாமா அந்த மணலைப் பார்க்க அத்தையை ஆட்டோவில் அழைத்துப் போயிருக்கிறார். அன்றைய தேதிக்கு நேரே பல வருஷத்துக்குப் பிறகு ஓர் எண் இருக்கிறது: 31. கீழே, "அவளும் கூட நடந்தாள்."

அந்த இடத்துக்கு வந்ததும் அத்தை நோட்டை மூடச் சொல்லிவிட்டார். "போதும்பா, மீதியை நீ எழுது" என்றார்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வரைபடத்துக்கு ஓர் எல்லையைப் பிறர் கொடுப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த எல்லைக்கு அப்பால் ஒரு தடவை நடந்து பாருங்கள். அங்கே யார் வீடு இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டதை மேலே சொல்லவும் செய்யுங்கள். நான் சொல்லாமல் விட்டவன், அதனால் சொல்கிறேன்.

மாமாவின் நோட்டுகளைப் பிரதியெடுத்து நம் சிவில் துறை நூலகத்துக்குத் தர அத்தை சம்மதித்திருக்கிறார். அதை இந்த மேடையில் அறிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன்.