சிறுவர் குற்றமும் நமது கடமையும்

(தாம்பரத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறுவர் குற்றம் புரிதலும் அதன் காரணங்களும் என்பது இன்று பேசுமாறு எனக்குப் பணிக்கப்பட்ட பொருள். இதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நாம் கூடியிருக்கும் இத்தாம்பரத்திலேயே தொடங்கலாம். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில், இவ்வூரைச் சேர்ந்த பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன், இரயில்வேக்குரிய பாட்டரிகளைத் திருடினான் என்னும் குற்றச்சாட்டின்மேல் பிடிக்கப்பட்டு, செங்கற்பட்டிலுள்ள அரசினர் கூர்நோக்கு இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். டிசம்பர் 31-ஆம் நாள் அவன் இறந்தான். உடலில் அடிபட்ட காயங்கள் இருந்தமை பிணப் பரிசோதனையில் வெளிப்படவே, 2023 ஜனவரியில் அவ்வில்லத்துப் பணியாளர் அறுவர் கைது செய்யப்பட்டனர். இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைத் தமிழக அரசு நியமித்தது. அவரும் அவ்வாண்டிலேயே அறிக்கை அளித்தார்.

அச்சிறுவன் திருடினானா இல்லையா என்பது முறைப்படி விசாரித்து முடிவுகட்ட வேண்டிய செய்தி. முடிவுகட்டுமுன் அவன் உயிர் போயிற்று. தீர விசாரியாமல் கோவலன் வெட்டுண்ட கதையை மாணாக்கர்க்கு ஓதிவரும் எனக்கு, அவ்வாண்டில் அப்பாடத்தை நடத்துங்கால் நாத் தடுமாறிற்று. அந்நாட்களில் நம்மவர் சிலரே, "திருடப் போனவன்தானே" என்று கூறக் கேட்டேன். 'திருடன்' என்னும் அந்த ஒரு சொல் என்ன செய்கின்றது என்பதையே இன்று உங்கள்முன் எடுத்துரைக்க விழைகின்றேன்.

சிறுவன் ஏன் குற்றம் புரிகின்றான்? இவ்வினாவிற்கு அறிஞர் பலர் பலவாறு விடை கூறியுள்ளனர். இத்தாலிய மருத்துவர் லொம்பிரோசோ என்பார் 1876-இல் வெளியிட்ட நூலில், குற்றவாளி பிறவியிலேயே அவ்வாறு பிறக்கின்றான் என்றும், அவன் முகத்தினும் மண்டையோட்டினும் அதற்குரிய குறிகள் உள என்றும் கூறினார். இக்கொள்கை பின்னர் வந்த ஆராய்ச்சியாற் பொய்யெனத் தள்ளப்பட்டது. ஆயின் பிறப்பைக் கொண்டு குற்றவாளி என முத்திரையிடும் வழக்கத்தால் நம் நாடு பட்ட துன்பம் பெரிது. 1871-இல் ஆங்கில அரசினர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. குலங்கள் முழுவதும் கைரேகை வைத்துப் பதியப்பட்டன. குற்றமேதும் செய்யாதாரும் இரவுதோறும் காவல் நிலையத்தில் தலைகாட்ட வேண்டியவராயினர். 1947-இல் இம்மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. ஒழித்தற்குப் போராடியோர் அக்குலத்துப் பெரியோரும் அவர்க்குத் துணை நின்ற தலைவர்களுமே. ஆதலின், சாதியின் பெயரால் கூடியிருக்கும் நாம், "இன்ன சாதிப் பிள்ளை இப்படித்தான் இருப்பான்" என்று மறந்தும் உரைத்தல் தகாது.

பின்வந்தோர் பிறப்பை விட்டு இடத்தை ஆராய்ந்தனர். அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரை ஆராய்ந்த ஷா, மெக்கே என்னும் இருவர் 1942-இல் ஒரு நூல் வெளியிட்டனர். அந்நகரின் சில பகுதிகளில் ஓரினத்தார் வெளியேற மற்றோரினத்தார் குடியேறினர். மக்கள் மாறியும் அப்பகுதிகளில் சிறுவர் குற்றம் குறையவில்லை என்பது அவர் கண்ட உண்மை. வறுமையும், நிலையற்ற குடியிருப்பும், ஒருவரையொருவர் அறியாத அயலும் உள்ள இடத்தில், எக்குலத்துப் பிள்ளையும் வழிதவறக் கூடும் என்பது இதனாற் பெறப்படும். சென்னை நகரின் ஆற்றங்கரைகளினின்றும் பெயர்க்கப்பட்டுக் கண்ணகி நகரிலும், செம்மஞ்சேரியிலும், பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களை நினையுங்கள். பழைய பிழைப்பும் பழைய அயலும் ஒருசேர அற்றுப்போயின. கண்ணகி நகர் என்று முகவரி கூறிய அளவிலேயே வேலை மறுக்கப்படுவதாக அவ்விடத்து இளைஞர் பலர் முறையிட்டுள்ளனர். திருடன் என்னும் பழியால் கணவனை இழந்தவளின் பெயர் தாங்கிய ஊருக்கே அப்பழி நேர்ந்தது.

சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர் மற்றொன்று கூறினார். குற்றமும் ஏனைத் தொழில்களைப் போலவே நெருங்கிப் பழகுவாரிடம் கற்கப்படுவது என்பது அவர் கொள்கை. இதனைக் கேட்டவுடன் நாம் தெருமுனைக் கூட்டாளிகளையே நினைக்கின்றோம். வீட்டையும் சேர்த்து நினைத்தல் வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் சிலர், சாதிப் பகையால், உடன் பயிலும் ஒருவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்கச் சென்ற தங்கையும் வெட்டுண்டாள். அப்பகையை அப்பிள்ளைகள் எப்பாடப் புத்தகத்திலும் படித்திலர். பெரியவர் வாய்ச்சொற்களிலிருந்தே கற்றிருப்பர். நம் வீட்டுத் திண்ணைகளிலும் திருமணப் பந்தல்களிலும் நாம் பேசுவனவற்றைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர் என்பதை மறவாதீர்கள்.

நான்காவதாக, டானன்பாம் என்பார் 1938-இல் கூறியதொன்று என் நெஞ்சைச் சுட்டது. சிறுவன் செய்த பிழையைப் பலரறியப் பறைசாற்றி, அவனைத் தீயவன் எனப் பெயரிட்டு ஒதுக்குவதே அவனைத் தீயவனாக்குகின்றது என்பது அவர் கருத்து. சுட்ட காரணத்தை மறையாமற் சொல்லுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் உடன் படிப்பவன் பையிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்துவிட்டான். நான் அவனை வகுப்பின்முன் நிறுத்தித் 'திருடன்' என்றேன். அதன்பின் வகுப்பில் எப்பொருள் காணாமற் போயினும் எல்லார் கண்ணும் அவன்மேற் சென்றன. ஒருநாள் ஒரு கணிதப் பெட்டி காணாமற் போகவே, முதலில் அவன் பையையே சோதித்தேன். பெட்டி வேறொரு பலகையின் கீழ்க் கிடைத்தது. மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. நானும் தேடிச் சென்றேனல்லேன். சில ஆண்டுகள் கழித்து, தாம்பரம் இரயிலடி மேம்பாலத்தில், அடிதடிக்குப் பெயர்போன சிலருடன் அவன் நிற்கக் கண்டேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐம்பது ரூபாய்க்கு நான் விதித்த தண்டனை எத்துணைப் பெரிதென்று அன்றே உணர்ந்தேன்.

சட்டம் என்னினும் அறிவுடையதாக இருக்கின்றது. செங்கற்பட்டில் 1887-இலேயே சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1920. இப்போதுள்ள 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத சிறுவனைக் காவல் நிலையச் சிறையில் அடைத்தல் கூடாது; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்த வேண்டும். இல்லத்தில் வைத்தல் கடைசி வழியே. அவன் பெயரையும் படத்தையும் வெளியிடல் குற்றம். கொடுங்குற்றத்திற்காகப் பெரியவரைப் போல் விசாரிக்கப்படும் பதினாறு வயது கடந்தார் சிலரை விடுத்து, ஏனையோர்க்கு அக்குற்றத்தால் பிற்காலத்தில் எத்தகுதிக் குறைவும் நேராது. சட்டம் மறக்கச் சொல்வதை ஊரார் மறப்பதில்லை என்பதே குறை.

ஆகவே சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள் விடுக்கின்றேன். நம் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ ஒரு பிள்ளை பிடிபட்டான் எனில், எச்சாதியானாயினும், அவன் பெற்றோருடன் இருவர் நீதிக் குழுமத்திற்குச் செல்லுங்கள். இலவச சட்ட உதவி கேட்டுப் பெறுங்கள். அவன் இல்லத்தில் வைக்கப்படின் தவறாது சென்று பாருங்கள். பார்க்க ஆளுள்ள பிள்ளைமேல் எளிதிற் கை ஓங்கார். இரண்டாவது, படிப்பை விட்ட பிள்ளையை ஏதேனும் ஒரு பள்ளியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்க்குமளவும் ஓயாதீர்கள். மூன்றாவது, நமது சங்கத்து உதவித்தொகை விதிகளில், நன்னடத்தைச் சான்று இல்லாதார் விண்ணப்பித்தல் ஆகாது என ஒன்று உண்டு. பத்தாண்டுகளுக்கு முன் அவ்விதியை எழுதியவருள் அடியேனும் ஒருவன். அதனை நீக்குமாறு நானே இன்று தீர்மானம் கொணர்கின்றேன். அன்று நான் தேடிச் செல்லாத பிள்ளைக்குச் செய்யக் கூடியது இனி ஒன்றுமில்லை; அடுத்து வருவானுக்கேனும் வாயில் திறந்திருக்கட்டும்.